சுற்றுகிறது, ஏன் கிளம்பவில்லை?

“செல்ஃப் நன்றாகத்தான் எடுக்கிறது, வண்டிதான் கிளம்ப மாட்டேன் என்கிறது!” பழைய கார் வைத்திருப்போரில் இந்த வார்த்தையை ஒருநாளேனும் சொல்லாதவர் இருக்க முடியாது. சாவியைத் திருகியதும் என்ஜின் சுற்றுகிறது. ஆனால் அந்தச் சுற்று உறுமலாக மாறுவதில்லை. கூடி நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குகிறார்கள். “பேட்டரி போய்விட்டது” என்கிறார் ஒருவர். “பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும்” என்கிறார் மற்றொருவர். “நாலு பேர் சேர்ந்து தள்ளுங்களப்பா” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார் மூன்றாமவர். இம்மூவரும் செய்யத் தவறியது ஒன்றே ஒன்று: வண்டியைக் கேள்வி கேட்கவில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இது வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் அன்று. ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த நம் சிற்றூர்களிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் பல மைல் தூரம் கடக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டில் 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வருமுன், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்கும் வரப்பில் பாம்பு தீண்டியவனுக்கும் ஊரில் இருந்த ஒரே வாடகை அம்பாசடர்தான் ஆம்புலன்ஸ். அது கிளம்புமா கிளம்பாதா என்பது ஓர் உயிரின் கேள்வியாகவே இருந்தது. இன்றும் அத்தகைய வண்டிகள் சில நம் கொட்டகைகளில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் பெரும் பணக்காரர்கள் அல்லர். காரணம் அறியாமல் மாற்றும் ஒவ்வொரு பாகமும் ஒரு மாதச் சம்பாத்தியத்தில் கை வைக்கிறது.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான பத்மினி ஆகியவையே நம் சாலைகளை நெடுங்காலம் ஆண்டவை. அவற்றுள் பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிகளே இக்கட்டுரைக்குரியவை. டீசல் அம்பாசடரில் தீப்பொறியே கிடையாது. அழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஆகவே அதற்கு வேறு வைத்தியம்.

பழைய பெட்ரோல் வண்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை. கார்புரேட்டர், காயில், காண்டாக்ட் பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் இவ்வளவுதான். இன்றைய கார்களின் நோயை அறியத் தனிக் கருவி வேண்டும். பழைய காருக்கோ கண்ணும் காதும் மூக்கும், ஒரு ஸ்பேனரும், இரண்டு ஒயர் இணைத்த ஒரு 12 வோல்ட் பல்பும் போதும்.

என்ஜினுக்கு என்ன வேண்டும்?

ஜெர்மானியரான ஆட்டோ 1876-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையே இன்றளவும் பெட்ரோல் என்ஜினின் அடிப்படை. முதல் வீச்சில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டாவதில் அது அழுத்தப்படுகிறது. மூன்றாவதில் தீப்பொறி பட்டு எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நான்காவதில் புகை வெளியேறுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். என்ஜின் உயிர்பெற நான்கு தேவைகள் உள்ளன: வலுவான தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோல் கலந்த காற்று, போதிய அழுத்தம், இவை மூன்றும் உரிய நேரத்தில் கூடுதல். ஒன்று குறைந்தாலும் என்ஜின் கிளம்பாது. நான்கும் இருந்தால் அது கிளம்பாமல் இருக்க இயலாது. எனவே நம் வேலை பாகங்களை மாற்றுவதன்று. நான்கில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே.

செல்ஃப் சொல்லும் சாட்சியம்

என்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்பதே நமக்குக் கிடைத்த முதல் நற்செய்தி. பேட்டரி, செல்ஃப் மோட்டார், அவற்றின் கனத்த ஒயர்கள் ஆகியவை பெரும்பாலும் குற்றமற்றவை என்று அது கூறிவிடுகிறது. ஆகவே நன்றாகச் சுற்றும் வண்டியைத் தள்ளுவதில் பயனில்லை. தள்ளுவதும் என்ஜினைச் சுற்றுவதற்கே. அதைத்தான் செல்ஃப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே! எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய்ச் சேர்வதுதான் மிச்சம்.

ஒரே விதிவிலக்கு உண்டு. என்ஜின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி இளைத்துள்ளது என்று பொருள். அப்போது செல்ஃப் மோட்டாரே மின்சாரத்தையெல்லாம் விழுங்கிவிடுவதால் காயிலுக்குப் போதிய வோல்ட் கிடைப்பதில்லை. அந்த நிலையில் தள்ளுவது உதவும்.

சுற்றும் ஒலியையும் கூர்ந்து கேட்க வேண்டும். நல்ல என்ஜின் ஒரே தாளத்தில் ‘உர்-உர்-உர்’ என்று முக்கி முக்கிச் சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்துக்கு வரும்போது எழும் முக்கல் அது. அந்த முக்கல் இன்றி ‘விர்ர்’ என்று இலேசாகச் சுற்றினால் அழுத்தம் போய்விட்டது, அல்லது டைமிங் செயின் அறுந்துவிட்டது எனலாம். அதன் பிறகு பட்டறைக்கு இழுத்துச் செல்வதே வழி. ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் அரைநாள் உழைப்பு மிச்சம்.

செல்ஃபை ஒரே மூச்சில் அழுத்திக்கொண்டே இருக்கலாகாது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 10 விநாடி. பிறகு சற்று ஓய்வு. இல்லையேல் இருந்த நல்ல பேட்டரியும் தீர்ந்து, ஒரு நோய் இரண்டு நோயாகிவிடும்.

பிளக் என்னும் நாற்சந்தி

சில முறை சுற்றிய பின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் நன்று. அதுவே வழி பிரியும் நாற்சந்தி. பிளக் உலர்ந்து, பெட்ரோல் வாடையே இல்லாதிருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. ஈரமாக, பெட்ரோல் நாற்றத்துடன் இருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்து என்ஜின் ‘மூழ்கி’யிருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே சந்தேகத்தில் பாதி விலகிவிடுகிறது.

மூழ்கிய என்ஜினுக்கு மருந்து எளிது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு சில விநாடி சுற்ற வேண்டும். திரும்பத் திரும்ப மிதித்து விடக்கூடாது. அது மேலும் பெட்ரோலை ஊற்றும். தாராளமாக நுழையும் காற்று மிகுதிப் பெட்ரோலை அடித்துச் சென்றுவிடும். ‘சோக்’ என்பது காற்றை அடைத்துக் கலவையைக் கனமாக்கும் கதவு. குளிர்ந்த என்ஜினுக்கு அது தேவை. ஓடி நின்ற சூடான என்ஜினுக்கு அது பகை. இதை மறந்து உச்சி வெயிலில் சோக்கை இழுத்து வண்டியை மூழ்கடிப்போர் பலர்.

தீப்பொறியைத் தேடுதல்

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15,000 வோல்ட்டும் அதற்கு மேலும் எப்படிப் பிறக்கிறது? 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் மூலம். காயிலுக்குள் சில நூறு சுற்றுக் கொண்ட முதன்மைச் சுருளும், பல்லாயிரம் சுற்றுக் கொண்ட துணைச்சுருளும் உள்ளன. காண்டாக்ட் பாயிண்ட் மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் எழுகிறது. பாயிண்ட் திறந்த கணமே அப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில் துணைச்சுருளில் பெரும் வோல்ட் பிறக்கிறது. பாயிண்டில் பொறி பறந்து தீயாதபடியும் புலம் சட்டென்று சரியும்படியும் காப்பது கண்டன்சர். பிறந்த மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடுகிறது. இந்திய வண்டிகளுக்குரிய இப்பாகங்களைச் செய்த நிறுவனங்களுள் சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ் பெயர் பெற்றது.

இவ்வளவு நீண்ட வழியில் தடை எங்கே என்று காண, வழியின் நடுவில் நின்று பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் சொருகியுள்ள காயில் ஒயரைக் கழற்றி, நன்கு காப்பிட்ட குறட்டால் பிடித்து, அதன் முனையை என்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குல இடைவெளியில் நிறுத்தி, ஒருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில் ‘சடக் சடக்’ என்று பொறி பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் நலம். குற்றம் அதற்கு அப்பால் மூடியிலோ ரோட்டாரிலோ பிளக் ஒயரிலோ பிளக்கிலோ உள்ளது. பொறி வராமலோ மங்கிய மஞ்சளாகவோ வந்தால் குற்றம் அதற்கு முன்னே.

முன்னே என்றால் எங்கே? இங்குதான் நம் பல்பு பேசும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரின் முனையில் பல்பின் ஓர் ஒயரையும், இரும்பில் மற்றதையும் வைத்து என்ஜினைச் சுற்றினால்:

பல்பு மினுக்கினால், பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. ஐயம் கண்டன்சர், காயில் மேல் செல்லும்.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், பாயிண்ட் முகங்கள் தொடவில்லை அல்லது அழுக்கேறியுள்ளன.

எரியவே இல்லையென்றால், காயிலுக்கு மின்சாரமே வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்காமல் ஒட்டிக்கிடக்கிறது. காயிலின் மற்ற முனையில் பல்பை வைத்தால் இரண்டில் எது என்று விளங்கிவிடும்.

பாயிண்டின் முகங்கள் கருகியிருந்தால் மெல்லிய அரத்தால் இலேசாகத் தேய்த்துத் துடைக்கலாம். முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். வண்டி புத்தகம் கூறும் அளவே இறுதியானது.

பெட்ரோலைத் தேடுதல்

பொறி நன்றாக இருந்து பிளக் உலர்ந்திருந்தால், டாங்கியிலிருந்து புறப்படுவோம். பழைய வண்டியின் பெட்ரோல் முள்ளை நம்பலாகாது. சுத்தமான குச்சி விட்டுப் பார்ப்பதே மெய். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைபட்டுள்ளது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே புகாததால் பம்ப் இழுக்க முடியாமல் தவிக்கிறது.

அடுத்தது பம்ப். அதன் நெம்புகோலைக் கேம் ஷாஃப்ட் தள்ள, உள்ளே டயாபிரம் என்னும் ஜவ்வு ஏறி இறங்கிப் பெட்ரோலை இழுக்கிறது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு என்ஜினைச் சுற்றினால் பெட்ரோல் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லையென்றால் ஜவ்வு கிழிந்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், அல்லது வழியிலுள்ள ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை இழுக்கலாம். பம்ப் நன்றாக வேலை செய்தும் பிளக் உலர்ந்தே இருந்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வோ ஜெட்டோ அடைபட்டிருக்கும்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். நீர் கலந்திருந்தால் அடியில் தனியே தங்கும். இன்று பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் நீர் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். பழைய காலத்து ரப்பர் ஜவ்வும் குழாயும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மிருதுவாகிக் கிழிந்துவிடும். எனவே பழைய வண்டிக்காரர்கள் இவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிக்கொள்வதும், வண்டியை நெடுநாள் நிறுத்தாமலிருப்பதும் அறிவுடைமை.

பருவமும் நோயும்

மனிதருக்குப் பருவத்துக்கேற்ற நோய் வருவதுபோல் வண்டிக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் விடியற்காலையில் கிளம்பாத வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதன் உட்புறம் படிந்த ஈரம் மின்சாரத்தைத் தவறான வழியில் கசியவிடுகிறது. கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, நுண்ணிய வெடிப்போ பென்சில் கோடு போன்ற கரிக்கோடோ உள்ளதா என்று பார்த்து மாட்டினால், பல சமயம் அவ்வளவே வைத்தியம். இருட்டில் என்ஜினைச் சுற்றிப் பார்த்தால் ஒயர்களின் மேல் கசியும் பொறி கண்ணுக்கே தெரியும்.

சித்திரை, வைகாசி வெயிலில் நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டி உடனே கிளம்பாவிட்டால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது எனக் கொள்ளலாம். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. பம்ப் மேலும் குழாய் மேலும் ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுத்தால் தானே தெளியும். நம் டிரைவர்கள் அனுபவத்தால் கண்ட இவ்வழக்கம் இயற்பியலுக்கு முற்றிலும் ஒத்தது.

அறுவடை முடிந்து வைக்கோற்போர் அருகே நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். இன்னொன்றும் உண்டு: திருட்டுக்கு அஞ்சி இரவில் ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பழைய டிரைவர்களின் வழக்கம். ஆகவே மூடியைத் திறந்ததும் ரோட்டார் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கம் ஏதுமில்லை!

நேரமும் அழுத்தமும்

பொறியும் பெட்ரோலும் இருந்தும் வண்டி கிளம்பாமல், கார்புரேட்டர் வழியே ‘டப்’ என்று வெடித்தால் நேரம் தவறியிருக்கிறது. அண்மையில் யாரேனும் பிளக் ஒயர்களைக் கழற்றி வரிசை மாற்றி மாட்டினார்களா, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து அது தானே திரும்பிவிட்டதா என்று காண வேண்டும். “கடைசியாக இதில் கை வைத்தவர் யார்?” என்பது மருத்துவர் கேட்கும் முதற்கேள்விக்கு ஒப்பானது.

அழுத்தம் குறைந்த ஐயம் எழுந்தால் அளவுமானியால் ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறினால் ரிங் தேய்ந்தது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பழுது. ஆனால் நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை திடீரென்று நின்றதற்குத் தேய்மானம் காரணமாவது அரிது. தேய்மானம் மெல்ல வரும். மின்சாரமும் பெட்ரோலும்தான் சொல்லாமல் போகும்.

எச்சரிக்கை சில

இவற்றைச் செய்யுமுன் வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கைப்பிரேக் இழுபட்டிருக்கட்டும். வேட்டி முனை, துண்டு, முந்தானை எதுவும் பேன் பெல்ட் அருகே போகலாகாது. பெட்ரோல் குழாய் திறந்திருக்கும்போது பொறிச் சோதனை செய்யவே கூடாது. பீடிக்கும் சிகரெட்டுக்கும் அங்கே இடமில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றி வண்டி கிளம்பினால் எது மருந்து என்று தெரியாமலே போய்விடும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊகம் தரும் செலவு

காலையில் வண்டி கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊகத்தின் வழியில் செல்பவர் புதுப் பேட்டரி வாங்குகிறார், கிளம்பவில்லை. நான்கு பிளக் மாற்றுகிறார், கிளம்பவில்லை. சென்னைப் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறிச் சென்று பழைய காயில் ஒன்று வாங்கி வருகிறார். மாட்டும்போது மூடியைத் துடைத்து மாட்டுகிறார், வண்டி கிளம்பிவிடுகிறது. “காயில்தான் போயிருந்தது” என்று ஊரெல்லாம் சொல்கிறார். மறுவாரம் மழை பெய்கிறது. வண்டி மீண்டும் நிற்கிறது! முறைப்படி சென்றவருக்கோ ஒரு துணித்துண்டும் கால்மணி நேரமும் போதுமாயிருந்திருக்கும்.

நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை அறியாதார் இலர். தகுதியற்றவர் யார் யார் என்று முதலில் விலக்கிவிட்டு, எஞ்சியவர் பெயர்களையே குடத்தில் இட்டனர் நம் முன்னோர். அந்த முதற்பாதியே என்ஜின் நோயறியும் முறை: குற்றமற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்குதல். ஆனால் பிற்பாதியை இங்கே கொள்ளலாகாது. குடத்தில் கைவிட்டு ஓர் ஓலையை எடுப்பதுபோல் ஏதேனும் ஒரு பாகத்தை எடுத்து மாற்றுவது வாரியத்துக்குப் பொருந்தலாம், மோட்டாருக்குப் பொருந்தாது.

மாணவ நண்பர்களே! பாடப்புத்தகத்தில் பாரடே விதியைப் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அதே விதி நம் ஊர்ப் புளியமர நிழலில், ஒரு பழைய அம்பாசடரின் பானெட்டுக்குக் கீழே நாள்தோறும் உயிரோடு இயங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஒரு வண்டி சுற்றியும் கிளம்பாமல் நிற்கக் கண்டால், தள்ளுவதற்குக் கை கொடுக்குமுன் காது கொடுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். நான்கு தேவைகளில் எது இல்லையென்று வரிசையாகக் கேளுங்கள். முறையாகக் கேட்பவருக்கு இயந்திரம் என்றும் பொய் சொல்வதில்லை.